காலேஜுக்கு எல்டாப் போடப்போறோம், டேட்டா சர்வேய எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

நெல்லை_நெட்வொர்க்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சிஸ்டம் அட்மினா இருக்கேன். இப்போ வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு, ஆன்லைன் கிளாஸ் மூடுலுக்கு ஒண்ணு, லைப்ரரி கோஹாவுக்கு ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணுன்னு பசங்களும் ஸ்டாஃபும் ஆளுக்கு நாலு வச்சுக்கிட்டு அலையுறாங்க. எல்லாத்துக்கும் ஒரே லாகின் கொண்டு வாங்கன்னு மேனேஜ்மென்ட்ல ஓகே சொல்லிட்டாங்க, அதுக்கு எல்டாப், அதாவது ஆளுங்க விவரத்த ஒரே டைரக்டரில வச்சு எல்லா சாஃப்ட்வேரும் அதக் கேக்கற முறை, அதுக்கான ஓப்பன்எல்டாப் சாஃப்ட்வேர் போடலாம்னு இருக்கேன், சர்வர் ரெடி. ஆபீஸ்ல டேட்டா கேட்டதுக்கு ஒரு எக்ஸெல் குடுத்தாங்க, ஒரு ஸ்டூடெண்டுக்கு நாப்பது காலத்துக்கு (column) மேல இருக்கு, அட்மிஷன் நம்பர்ல ஆரம்பிச்சு அப்பாவோட வருமானம் வரைக்கும். எக்ஸாம் செல்லுக்கு தனி ஷீட், ஹாஸ்டலுக்கு தனி ரிஜிஸ்டர், லைப்ரரிக்கு தனி. இதையெல்லாம் அப்படியே உள்ள இறக்கிட்டு அப்புறமா சரி பண்ணிக்கலாமா, இல்ல முதல்லயே உக்காந்து பிரிக்கணுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

பழைய_சிஸ்அட்மின்:
தம்பி, அந்த எக்ஸெல இப்போதைக்கு மூடி வைங்க. கையில என்ன டேட்டா இருக்குங்கறதுல இருந்து ஆரம்பிச்சா எல்லாமே தேவைன்னுதான் தோணும். யாரு வந்து கேக்கப்போறாங்கங்கறதுல இருந்து ஆரம்பிங்க. வைஃபை கேக்கும், மூடுல் கேக்கும், கோஹா கேக்கும், மெயில் கேக்கும், நாளைக்கு காலேஜ் லைப்ரரிகள இணைக்கற இன்ஃபிளிப்நெட்டோட இன்ஃபெட்ங்கற பொது லாகின் வழியா வீட்ல இருந்தே ஜர்னல் படிக்கணும்னா அதுவும் கேக்கும். ஒவ்வொண்ணோட டாக்குமென்டேஷனையும் எடுத்து வச்சு அதுக்கு என்னென்ன ஃபீல்டு வேணும்னு குறிங்க. மூடுலுக்கு யூசர்நேம், பேரு, மெயில், அவ்வளவுதான். கோஹாவுக்கு அதோட கார்டு நம்பரும் எந்த வகை மெம்பர்ங்கறதும். இன்ஃபெட்டுக்கு இவங்க ஸ்டூடெண்டா ஃபேகல்டியாங்கறது. வைஃபைக்கு பாஸ்வேர்டத் தவிர பெருசா ஒண்ணும் வேணாம். எழுதி முடிச்சா நாப்பது காலத்துல பாதி கூடத் தேறாது பாருங்க.

தேறினது ஒவ்வொண்ணுக்கும் இப்போ எங்க இருக்கு, எது சரின்னு சொல்ற அதிகாரம் யாருக்கு, யாரு மாத்தலாம், யாரு பாக்கலாம், எவ்வளவு நாளைக்கு ஒருக்கா மாறும், ஒருத்தருக்கு ஒண்ணுதானா ரெண்டு மூணு இருக்கலாமா, ஆளு போனதும் எப்போ அழிக்கணும்னு கேட்டு எழுதுங்க. டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா நடந்து போய் எதிர்ல உக்காந்து கேக்கணும், மெயில்ல ஃபார்ம் அனுப்பினா யாரும் உருப்படியா நிரப்ப மாட்டாங்க.

டைரக்டரிங்கறது அதிகமா படிக்கறதுக்கும் அபூர்வமா மாத்தறதுக்கும்னு செஞ்சது. அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், ஃபீஸ் பாக்கி இதெல்லாம் தினமும் மாறும், அதுக்கு சாதாரண டேட்டாபேஸ்தான் இடம். ரெண்டு சர்வர் வச்சு ரெப்ளிகேஷன் போட்டீங்கன்னா ஒவ்வொரு மாற்றமும் ரெண்டு பக்கமும் ஓடணும், இத மறக்காதீங்க.

ஷெல்_ஸ்கிரிப்ட்:
அண்ணே சொல்றதுல எனக்கு முழு சம்மதம் இல்ல. இன்னிக்கு மூடுலுக்கு என்ன வேணும்னு மட்டும் பாத்து எடுத்தா அடுத்த வருஷம் ஒரு பிளேஸ்மென்ட் போர்ட்டல் வரும், டிரான்ஸ்போர்ட் ஆப் வரும், அப்போ மறுபடி ஒவ்வொரு செக்ஷனா போய் நிக்கணும், முதல் தடவ குடுத்தவங்க ரெண்டாவது தடவ குடுக்க மாட்டாங்க. டேட்டா சுலபமா கிடைக்கற நேரத்துல மொத்தத்தையும் வாங்கி உள்ள போட்டுட்டு, எவனுக்கு எது தெரியணுமோ அத ஏசிஎல்ல, அதாவது யாரு எத பாக்கலாம்ங்கற விதியில, கட்டுப்படுத்திக்கலாமே. நாப்பது ஃபீல்டெல்லாம் இன்னிக்கு ஒரு சைஸே இல்ல.

கோவை_டொமைன்:
ஏசிஎல்ல பாத்துக்கலாம்னு சொல்றது கேக்க நல்லா இருக்கு, ஆனா டீஃபால்ட் எப்படி இருக்குன்னு பாருங்க. ஓப்பன்எல்டாப்ல ஏசிஎல் ஒண்ணுமே எழுதலன்னா எல்லாரும் எல்லாத்தையும் படிக்கலாம், லாகின் பண்ணாம வர்றவனும் சேத்து. நாங்க வச்சிருக்கறது மைக்ரோசாஃப்ட்டோட ஆக்டிவ் டைரக்டரி, அதுல டொமைன்ல லாகின் ஆன யாரும் அடுத்தவங்களோட பெரும்பாலான அட்ரிபியூட்ட, அதாவது விவரத்த, படிக்க முடியும், அதுதான் டீஃபால்ட். ரகசியம்னு தனியா ஃபிளாக் போட வசதி இருக்கு, ஆனா அது போடணும்னு யாராவது ஞாபகமா செஞ்சாத்தான் உண்டு. ஒரு லேப்ல உக்காந்திருக்கற ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒரு சின்ன கமாண்ட்ல மொத்த லிஸ்டையும் எடுத்துடலாம்.

இப்போ அந்த எக்ஸெல்ல என்னென்ன இருக்கும்னு எனக்குத் தெரியும், ஏன்னா நம்ம ஊரு அட்மிஷன் ஃபார்ம் எல்லாமே ஒண்ணுதான். பிசியா எம்பிசியா எஸ்சியா எஸ்டியாங்கற காலம், சாதி சர்டிஃபிகேட் நம்பர், முதல் பட்டதாரி சலுகை இருக்கா, அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தவங்களா, குடும்ப வருமானம், ஆதார். ஸ்காலர்ஷிப்புக்கும் கவுன்சலிங்குக்கும் இதெல்லாம் ஆபீஸுக்கு வேணும், நியாயம்தான். ஆனா ஹாஸ்டல் ரூம் ஒதுக்கற ஆப், லேப் அட்மின், வெளியில இருந்து ஆப் செஞ்சு குடுக்கற கம்பெனிக்காரன்னு எல்லாரும் பைண்ட் பண்ற, அதாவது டைரக்டரில லாகின் ஆகற, எடத்துல ஒரு பிள்ளையோட சாதியும் அப்பன் வருமானமும் எதுக்குங்க? சாதி பாத்து ரூம் பிரிக்கற, பெஞ்சு பிரிக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க. அவங்க கையில நாமளே சர்ச் பண்ற வசதியோட குடுத்த மாதிரி ஆயிடும். ஏசிஎல் வரி ஒண்ணு தப்பா எழுதினா அவ்வளவுதான். உள்ள இல்லாத டேட்டா லீக் ஆகாது, அதனால இத கட்டுப்படுத்தறதப் பத்தியே பேச வேணாம், உள்ளயே விட வேணாம்.

சட்டமும் அப்படித்தான் சொல்லுது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல எந்த நோக்கத்துக்கு சம்மதம் வாங்கினோமோ அதுக்குத் தேவையானது மட்டும்தான் வச்சுக்கணும், நோக்கம் முடிஞ்சா அழிக்கணும். பின்னாடி என்னைக்காவது உதவும்னு சேத்து வைக்கறது அதுக்கு நேர் எதிர்.

ஷெல்_ஸ்கிரிப்ட்:
சாதி, ஆதார், வருமானம் விஷயத்துல நீங்க சொல்றது சரி சார், நான் அந்த காலங்கள மனசுல வச்சு சொல்லல. ஆனா பஸ் ரூட், பிளட் குரூப் மாதிரி சாதாரண விஷயம் இருக்கே?

ஆபீஸ்_செக்ஷன்:
நான் கம்ப்யூட்டர் ஆள் இல்ல, ஒரு எய்டட் காலேஜ்ல எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷன்ல இருக்கேன், எங்களுக்கும் போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு போட்டாங்க, அதனால ஆபீஸ் பக்கத்துல இருந்து பாத்தத சொல்றேன்.

பிளட் குரூப் சாதாரணம்னு சொல்றீங்க, எங்க ஃபார்ம்ல அது பசங்களே எழுதிக் குடுக்கறது, பாதிப் பேருக்கு உறுதியா தெரியாது, ஏதோ ஒண்ண எழுதிடுவாங்க. அத யாரும் டெஸ்ட் ரிப்போர்ட் வச்சு சரிபாக்கறது கிடையாது. அந்த மாதிரி டேட்டாவ கம்ப்யூட்டர்ல ஏத்தினா எல்லாரும் நம்ப ஆரம்பிச்சுடுவாங்க, அவசரத்துக்கு அதப் பாத்து யாராவது முடிவெடுத்தா என்ன ஆகும்?

போன் நம்பரும் அப்படித்தான். அட்மிஷன் ஃபார்ம்ல இருக்கறது முக்காவாசி அப்பா நம்பர், சில சமயம் சேத்துவிட்ட மாமா நம்பர், சிலதுல ஊர்ல ஃபார்ம் நிரப்பிக் குடுத்த பிரவுசிங் சென்டர் நம்பர். அத ஸ்டூடெண்ட் மொபைல்னு நீங்க எடுத்துக்கிட்டு பாஸ்வேர்டு மாத்தற ஓடிபிய அதுக்கு அனுப்பினா யாருக்குப் போகும்னு யோசிங்க. எது சரின்னு சொல்ற அதிகாரம் யாருக்குன்னு சார் எழுதியிருக்காரே, அத எங்ககிட்ட கேக்கும்போது டேட்டா எங்க இருக்குன்னு கேக்காதீங்க, எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

பேருக்கு ஸ்டூடெண்ட்னா பத்தாம் வகுப்பு மார்க்ஷீட், எங்க பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர், வேற எதையும் மூலமா வச்சுக்காதீங்க. அப்புறம் ஒரு பெரிய ஓட்டை சொல்றேன், கெஸ்ட் லெக்சரர், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் ஆளுங்க, ரிசர்ச் ஸ்காலர், இவங்கள்ல நிறைய பேர் எங்க பேரோல்லயே இல்ல. செக்யூரிட்டிக்கு ஏஜென்சி சம்பளம், ஸ்காலருக்கு ஃபெலோஷிப். ஆனா வைஃபையும் லைப்ரரியும் எல்லாருக்கும் வேணும். இவங்க வந்தாங்க போனாங்கன்னு உங்களுக்கு யாரு சொல்றது? எங்க காலேஜ்ல யாருமே இல்லாம இருந்து, கடைசியில ஸ்காலருக்கு ரிசர்ச் டீன் ஆபீஸ், மத்தவங்களுக்கு ஸ்டோர்ஸ் சூப்பரிண்டெண்டெண்ட்னு பிரின்சிபால் எழுத்துல போட்டுக் குடுத்தார். சர்க்குலரா வந்தாத்தான் நடக்கும், வாய்ல சொன்னா நடக்காது.

நெல்லை_நெட்வொர்க்:
மேடம், ரொம்ப நன்றி, இந்த ரூட்டே எனக்குத் தோணல. ஸ்டோர்ஸ்ல விசாரிக்கறேன்.

டெஸ்டுக்கு ஒரு கிளாஸ் பசங்கள மட்டும் ஏத்திப் பாத்தேன், பேர்லயே மாட்டிக்கிச்சு. சர்நேமுக்கான எஸ்என் அட்ரிபியூட் இல்லன்னா ஆப்ஜெக்ட் கிளாஸ் வயலேஷன்னு என்ட்ரியே உள்ள போக மாட்டேங்குது. நம்ம பசங்களுக்கு சர்நேம் எங்க இருக்கு? ஒரே பையன் ஆபீஸ் ஷீட்ல எஸ்.முருகன், எக்ஸாம் செல்ல முருகன் எஸ், லைப்ரரியில முருகன்.எஸ், ஹாஸ்டல்ல முருகன் சுப்பையா. நாலும் ஒரே ஆளுதான்னு மெஷினுக்கு எப்படிச் சொல்றது?

நூலக_மேசை:
இது எங்க லைப்ரரியன்களோட தினசரி பாடு, அதனால நான் சொல்றேன் தம்பி. பெர்சன்ங்கற ஆப்ஜெக்ட் கிளாஸ்ல, அதாவது ஒரு ஆளோட என்ட்ரில என்ன இருக்கணும்ங்கற விதியில, முழுப்பேருக்கான சிஎன், எஸ்என் ரெண்டும் கட்டாயம், அத மாத்த முடியாது. அதனால எஸ்என்ல என்ன போடறதுன்னு ஒரு விதி வச்சு எழுத்துல வைங்க. சிலர் இனிஷியல மட்டும் போடறாங்க, சிலர் அப்பா பேர விரிச்சுப் போடறாங்க, சிலர் சொந்தப் பேரையே திரும்பப் போடறாங்க. எனக்கு மூணாவதுதான் பிடிக்கும். மூடுல் மாதிரி சாஃப்ட்வேர் சர்நேம் வச்சு வரிசைப்படுத்தும்போது எஸ்ங்கற ஒத்த எழுத்துல நூறு பேர் வந்து நிக்க மாட்டாங்க, பொண்ணு பேருக்குப் பதிலா அவ அப்பா பேர் சொல்லிக் கூப்பிடற கூத்தும் நடக்காது. ஸ்கிரீன்ல எப்படித் தெரியணுமோ அத டிஸ்ப்ளேநேம்ல அவங்க விருப்பப்படி வச்சுக்கலாம், மார்க்ஷீட்ல இருக்கற முழுப்பேர் சிஎன்ல இருக்கட்டும். வடக்க இருந்து வந்து நிஜமாவே சர்நேம் இருக்கற பசங்களுக்கு அது எஸ்என்ல வரும், அவ்வளவுதான்.

ஒண்ணு சேக்கறதுக்கு டேட்டாவ சுத்தம் பண்ற ஓப்பன்ரிஃபைன் இறக்கிக்கோங்க, இலவசம். அதுல கிளஸ்டர்னு இருக்கு, ஃபிங்கர்பிரின்ட் முறைய தேர்ந்தெடுத்தா புள்ளி கமாவெல்லாம் எடுத்துட்டு வார்த்தைகள வரிசைப்படுத்திப் பாக்கும், அதனால எஸ் முருகனும் முருகன் எஸ்ஸும் ஒண்ணா வந்துடும். ஆனா ஸ்பேஸ் இல்லாம முருகன்.எஸ்னு ஒட்டி எழுதியிருந்தா புள்ளி போனதும் ரெண்டும் ஒரே வார்த்தையா ஒட்டிக்கும், மேட்ச் ஆகாது. அதனால முதல்ல எல்லாப் புள்ளியையும் ஸ்பேஸா மாத்திட்டு அப்புறம் கிளஸ்டர் போடுங்க. முருகன் சுப்பையா இதுல வராது, அதுக்குப் பிறந்த தேதியும் அட்மிஷன் நம்பரும் வச்சுத்தான் பாக்கணும். பேர் ஒத்துப்போச்சுன்னு மட்டும் வச்சு ரெண்டு ஆள தயவுசெஞ்சு ஒண்ணாக்கிடாதீங்க, ஒரே கிளாஸ்ல எஸ்.முருகன் ரெண்டு பேர் இருக்கறது நம்ம ஊர்ல சர்வசாதாரணம்.

இன்னொரு ஆசை, முடிஞ்சா செய்யுங்க. எல்டாப் மூணாவது வெர்ஷன்ல எல்லா ஸ்ட்ரிங்கும் தமிழும் எழுத முடியற யூடிஎஃப்-8தான், அதோட ஒரே அட்ரிபியூட்டுக்கு மொழி டேக் போட்டு இன்னொரு மதிப்பு வைக்கலாம், இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 3866ல இருக்கு. சிஎன்ல இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ் டேக்கோட தமிழ்ல ஒண்ணு. ஐடி கார்டும் போனஃபைடும் தமிழ்ல அடிக்கும்போது ஒவ்வொரு ஆபீஸும் அவங்கவங்க இஷ்டத்துக்கு டைப் பண்ணி சுப்பைய்யா சுப்பையா சுப்பய்யான்னு மூணு பேர் உண்டாக்க வேணாம். அந்தத் தமிழ்ப் பேர பசங்ககிட்டயே கேட்டு வாங்குங்க, சாஃப்ட்வேர்ல போட்டு மாத்திக்காதீங்க.

பழைய_சிஸ்அட்மின்:
மேடம் சொன்ன தமிழ் டேக் விஷயம் அருமை, நானும் எடுத்துக்கறேன்.

தம்பி, அடையாள நம்பரப் பத்தி சொல்லணும். அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்னா பசங்களுக்கு 12 இலக்க ரிஜிஸ்டர் நம்பர் வருமில்லையா, காலேஜ் கோடு, வருஷம், பிராஞ்ச் கோடு எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும், பாக்க அழகா இருக்குன்னு அதையே டிஎன்ல, அதாவது டைரக்டரில ஒரு என்ட்ரியோட முழு முகவரில, வைக்கத் தோணும். வைக்காதீங்க. பையன் முதல் நாள் வந்து வைஃபை கேப்பான், ரிஜிஸ்டர் நம்பர் பிறகுதான் வரும். ஒரு நம்பருக்குள்ள பிராஞ்ச் மாதிரி மாறக்கூடிய விஷயம் இருந்தா அது மாறும்போது ஆளோட அடையாளமே மாறிடும். அர்த்தமே இல்லாத ஒரு ஐடி நீங்களே உண்டாக்கி யூசர்ஐடிக்கான யுஐடில வைங்க, அட்மிஷன் நம்பரும் ரிஜிஸ்டர் நம்பரும் தனி அட்ரிபியூட்டா இருக்கட்டும். ஒருத்தருக்குக் குடுத்த யுஐடியும் மெயில் ஐடியும் அவர் போனாலும் இன்னொருத்தருக்கு எப்பவும் குடுக்கக்கூடாது. பாஸ் அவுட் ஆனவனோட பேங்க் ஓடிபியும் வேலை ஆஃபரும் புதுப் பையன் இன்பாக்ஸ்ல வந்து விழும்.

அடுத்தது மரம், அதாவது டைரக்டரிக்குள்ள என்ட்ரிகள அடுக்கற அமைப்பு. டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா ஓயுன்னு பிரிவு போட்டு உள்ள ஆளுங்கள வைக்கணும்னு எல்லாருக்கும் தோணும். இது 1988ல வந்த எக்ஸ்.500ங்கற டைரக்டரி விதி காலத்துப் பழக்கம், நாடு, நிறுவனம், பிரிவு, ஆளுன்னு மேல இருந்து கீழ இறங்கற அமைப்பு. 1993ல மிச்சிகன் யுனிவர்சிட்டி டிம் ஹோவ்ஸும் வேற இடங்கள்ல இருந்த சிலரும் அந்த கனமான புரோட்டோகால இளைச்சு எல்டாப் ஆக்கினாங்க, ஆனா மரத்த எப்படி வேணா வச்சுக்கலாம்னு சுதந்திரம் இருந்தும் நாம ஆர்கனைசேஷன் சார்ட்டையே படமா வரையறோம். ஒரு ஆள் மெக்கானிக்கல்ல இருந்து ரோபாட்டிக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு மாறினா அவங்க டிஎன்னே மாறும், அந்த டிஎன் எந்தெந்த குரூப்ல மெம்பரா இருந்துச்சோ அங்கயெல்லாம் பழசு தொங்கும், அத தானா சரி பண்ற ரெஃபின்ட் ஓவர்லே போடலன்னா கையாலதான் சரி பண்ணணும். பீப்பிள்னு ஒரே ஓயு, குரூப்ஸ்னு ஒண்ணு, ஆப்புங்க லாகின் ஆகற சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு ஒண்ணு, போதும். டிபார்ட்மென்ட் வெறும் அட்ரிபியூட். சர்வேல எது எது மாறும்னு எழுதச் சொன்னேனே, அதோட பலன் இங்கதான் தெரியும், மாறக்கூடிய எதுவும் டிஎன்ல வரக்கூடாது.

ஷெல்_ஸ்கிரிப்ட்:
மரம் விஷயத்துல அண்ணே சொல்றத அப்படியே செய்யுங்க, நான் டிபார்ட்மென்ட் வாரியா போட்ட ஒரு எடத்துல இன்னும் ஸ்கிரிப்ட் எழுதிக்கிட்டு இருக்காங்க.

யாரும் பாஸ்வேர்டப் பத்திப் பேசல, அதுவும் டேட்டாதான், அதையும் சர்வேல சேருங்க. எந்த அப்ளிகேஷன் பாஸ்வேர்ட எந்த வடிவத்துல கேக்குதுன்னு ஒரு காலம் வேணும். மூடுல், கோஹா ரெண்டும் பைண்ட் பண்ணிப் பாத்துக்கும், நீங்க எந்த ஹேஷ்ல, அதாவது திருப்ப முடியாத மறைப்பு வடிவத்துல, வச்சிருந்தாலும் கவலை இல்ல. வைஃபைல லாகின் சரிபாக்கற ஃப்ரீரேடியஸ் வச்சு பீப் எம்எஸ்சாப் வி2ங்கற முறை போட்டீங்கன்னா அதுக்கு விண்டோஸ் பாணி என்டி ஹேஷோ இல்ல பாஸ்வேர்டே அப்படியேவோ வேணும், உப்பு, அதாவது ஆளுக்கொரு ரேண்டம் எழுத்து, போட்ட நல்ல ஹேஷ் உதவாது. டிடிஎல்எஸ் கூட பாப்ங்கற இன்னொரு முறை வச்சா நல்ல ஹேஷே போதும், ஆனா ஒவ்வொரு போன்லயும் சர்டிஃபிகேட் சரியா செட் பண்ணணும், இல்லன்னா போலி ஆக்சஸ் பாயின்ட் வச்சு பாஸ்வேர்ட பிடிச்சுடலாம். இத முன்னாடியே முடிவு பண்ணலன்னா, எல்லாரையும் ஏத்தினதுக்கு அப்புறம் மொத்த காலேஜையும் பாஸ்வேர்டு மாத்தச் சொல்லணும்.

நூலக_மேசை:
இன்ஃபெட் சேர்ற எண்ணம் இருந்தா காலேஜ் ஆளுங்களுக்குன்னு உள்ள எஜுபெர்சன் ஸ்கீமாவ, அதாவது அட்ரிபியூட் பட்டியல, இப்பவே போட்டுடுங்க. அதுல அஃபிலியேஷன்ங்கற அட்ரிபியூட்டுக்கு ஃபேகல்டி, ஸ்டூடெண்ட், ஸ்டாஃப், அலம், மெம்பர், அஃபிலியேட், எம்ப்ளாயீ, லைப்ரரி வாக்-இன்னு எட்டே மதிப்புதான். உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் இந்த எட்டுல எங்க வர்றாங்கன்னு ஒரு டேபிள் போடுங்க, ஒருத்தருக்கு ரெண்டு மூணு வரலாம். பிஹெச்டி பண்ணிக்கிட்டே கிளாஸ் எடுக்கறவங்க ஸ்டூடெண்டும் ஃபேகல்டியும். ஏஜென்சி செக்யூரிட்டி அஃபிலியேட், மெம்பர்னு போடாதீங்க, ஏன்னா நிறைய ஜர்னல் லைசென்ஸ் மெம்பர வச்சுத்தான் உள்ள விடும். பாஸ் அவுட் ஆனவங்கள அழிச்சுடாம அலம்னு மாத்துங்க, மெம்பர எடுத்துடுங்க.

நெல்லை_நெட்வொர்க்:
செக்ஷன் செக்ஷனா போய் வந்துட்டேன். எக்ஸெல் காலத்துல டைரக்டரிக்குள்ள வர்றது பதினொண்ணுதான். சாதி, வருமானம், ஆதார், பிளட் குரூப், வீட்டு அட்ரஸ் எதுவும் வரல, ஆபீஸ்லயே இருக்கட்டும். ஸ்டோர்ஸ்ல ஏஜென்சி ஆளுங்க லிஸ்ட் ஒரு நோட்டுல இருக்கு, சர்க்குலர் போட பிரின்சிபால்கிட்ட கேட்டிருக்கேன். ஒண்ணுதான் தகராறு. லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் மேடம் பொண்ணுங்க மொபைல் நம்பர் டைரக்டரில வேணும், ராத்திரி அவசரத்துக்கு எடுக்க முடியணும்ங்கறாங்க. பொண்ணுங்ககிட்ட கேட்டா நம்பர் வேற யார் கைக்கும் போகக்கூடாதுங்கறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் படுது.

ஆபீஸ்_செக்ஷன்:
தம்பி, பொண்ணுங்க பக்கம் நில்லுங்க. நம்பர் எடுத்து ராத்திரி மெசேஜ் அனுப்பற தொல்லைய நாங்க எத்தன தடவ பஞ்சாயத்து பண்ணியிருக்கோம் தெரியுமா. வார்டன் மேடத்துக்கு வேணும்னா அவங்ககிட்ட ஹாஸ்டல் ரிஜிஸ்டர் இருக்கே, அதுல பேரன்ட் நம்பரும் சேத்தே இருக்கும்.

கோவை_டொமைன்:
மேடம் சொன்னதுதான் சரி, முதல் வழி அதுதான். அப்படியும் மேனேஜ்மென்ட் வற்புறுத்தினா இப்படிச் செய்யுங்க. மொபைல் அட்ரிபியூட்டுக்கு ஏசிஎல்ல முதல் வரியாவே எழுதுங்க, அந்தப் பொண்ணுக்கு எழுதற உரிமை, வார்டன் குரூப்புக்கு படிக்கற உரிமை, மத்த எல்லாருக்கும் நன் (none), அதாவது ஒரு உரிமையும் கிடையாது. ஓப்பன்எல்டாப் மேல இருந்து கீழ படிச்சு முதல்ல பொருந்தறதுலயே நின்னுடும், அதனால பொது வரி இதுக்கு மேல இருந்தா இது வேலையே செய்யாது. மூடுல் சர்வீஸ் அக்கவுன்ட், ஃப்ரீரேடியஸ் அக்கவுன்ட் எல்லாம் மத்த எல்லாருங்கறதுல அடங்கணும், அவங்களுக்கு அட்மின் டிஎன்ன குடுத்து பைண்ட் பண்ண விட்டுடாதீங்க. நம்பர் +91ல ஆரம்பிக்கற ஒரே வடிவத்துல இருக்கட்டும். எழுதி முடிச்சதும் சாதாரண ஸ்டூடெண்ட் அக்கவுன்ட்ல ஒரு தடவ, லாகின் இல்லாம ஒரு தடவ, ஒவ்வொரு சர்வீஸ் அக்கவுன்ட்லயும் ஒரு தடவ எல்டாப்சர்ச் கமாண்ட் அடிச்சு மொபைல் வருதான்னு பாருங்க. ஏசிஎல்ல கை வைக்கற ஒவ்வொரு தடவையும் அதே சர்ச்ச திரும்ப அடிங்க, ஒரு ஸ்கிரிப்ட்ல போட்டு வச்சுட்டா சுலபம்.

நெல்லை_நெட்வொர்க்:
வார்டன் மேடத்துகிட்ட பேசிட்டேன், ரிஜிஸ்டர் போதும்னு ஒத்துக்கிட்டாங்க, மொபைல் காலத்த எடுத்துட்டேன். பாஸ்வேர்டு மாத்தறதுக்கு ஓடிபி இல்லாம ஐடி கார்டோட லேப்ல வந்து மாத்திக்கிற மாதிரி வைக்கறோம். முதல்ல லைப்ரரிய மட்டும் இணைச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். கோஹாவுல ஏற்கனவே இருக்கற கார்டு நம்பர எந்த அட்ரிபியூட்டோட மேப் பண்ணீங்கன்னு நூலக_மேசை மேடம் சொன்னா நாளைக்கே ஆரம்பிச்சுடுவேன்.

நூலக_மேசை:
கார்டு நம்பர எம்ப்ளாயீநம்பர்ல வைக்காதீங்க தம்பி, ஸ்டாஃப் நம்பரோட மோதும். சின்னதா சொந்த ஸ்கீமா ஒண்ணு எழுதி அதுல கார்டு நம்பருக்குன்னு ஒரு அட்ரிபியூட் வைங்க, அதுக்கு வேண்டிய தனி அடையாளமான ஓஐடி நம்பர் இணைய எண்கள ஒதுக்கற இயானா அமைப்புகிட்ட இலவசமா வாங்கிக்கலாம். கோஹா கான்ஃபிக் ஃபைல்ல மேப்பிங் பகுதியில கார்டுநம்பருக்கு நேரா அதக் குடுங்க, யூசர்ஐடிக்கு நேரா யுஐடி. அப்டேட்டுங்கற செட்டிங்க முதல் வாரம் பூஜ்யத்துல வைங்க, அப்போ டைரக்டரில ஏதாவது தப்பா இருந்தாலும் கோஹாவுல இருக்கற பழைய ரெக்கார்டு மேல எழுதாது.